கொக்கைச் சுற்றி ஒரு சாம்பல் கோடு

அன்புள்ள மாப்ள,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் போட நினைத்தேன், ஆனால் மூன்று வாரமாக ஒரு கொக்கு என்னை விடவில்லை.

அக்கா மகளுக்காக பைகேமில், அதாவது பைத்தான் மொழியில் கேம் எழுத உதவும் தொகுப்பில், ஒரு சின்ன விளையாட்டு எழுதுகிறேன். வயலில் கொக்கு மீன் பிடிக்கும், அவ்வளவுதான். படமெல்லாம் அவளே டேப்லெட்டில் வரைந்தது. 512 பிக்சல் கொக்கை 64-க்குச் சுருக்க வேண்டும். முதலில் கொக்கைச் சுற்றிக் கறுப்புப் பெட்டியே வந்தது. 'கன்வெர்ட்' என்று எழுதிய இடத்தில் 'கன்வெர்ட் ஆல்ஃபா' என்று மாற்றியதும் அது போய்விட்டது. ஆனால் 'ஸ்மூத்ஸ்கேல்' போட்டுச் சுருக்கினால் வெள்ளைக் கொக்கின் ஓரம் முழுக்க பென்சிலால் இழுத்தமாதிரி ஒரு கோடு. "நான் கோடே போடலையே மாமா" என்றாள். அவள் முகம் வாடியதைப் பார்த்தபிறகு எனக்கு அப்படியே விட மனசு வரவில்லை.

விஷயம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத பிக்சலுக்கும் உள்ளே ஒரு நிறம் இருக்கிறது, பெரும்பாலும் கறுப்பு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0. ஆல்ஃபா என்பது பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற எண், 0 என்றால் தெரியவே தெரியாது, 255 என்றால் முழுசாகத் தெரியும். ஓரத்தில் கொக்கின் வெள்ளைப் பிக்சல் 255, ஆல்ஃபாவும் 255. பக்கத்திலேயே நிறம் 0, ஆல்ஃபா 0. சுருக்கும்போது இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நிறம் 128, ஆல்ஃபா 128. அதாவது பாதி தெரியும் சாம்பல். நமக்கு வேண்டியது பாதி தெரியும் வெள்ளை! யாருமே பார்க்காத அந்தக் கறுப்புக்கும் சராசரியில் சரிபாதி பங்கு கிடைத்துவிடுகிறது, அதுதான் கோளாறு.

கல்லூரியில் நாம் 255, 0, 255 மெஜந்தாவைக் கலர்கீயாக, அதாவது வரையாமல் விட வேண்டிய நிறமாக வைத்து ஒரு கார் ரேஸ் செய்தோமே, காரைச் சுற்றி ரோஸ் நிறத்தில் பிசிறு பிசிறாக வந்து, கடைசியில் ஸ்மூத்திங்கே வேண்டாம் என்று விட்டோமே, ஞாபகம் இருக்கா? அதுவும் இதே கதைதான், கறுப்புக்குப் பதில் மெஜந்தா கலந்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து அது புரிந்தபோது உன்னை உடனே கூப்பிட வேண்டும்போல இருந்தது, ஆனால் மணி இரவு இரண்டு.

தீர்வு, சுருக்குவதற்கு முன்பே நிறத்தை ஆல்ஃபாவால் (255 என்றால் 1, 128 என்றால் பாதி) பெருக்கி வைத்துக்கொள்வது. பிரீமல்டிப்ளைடு ஆல்ஃபா என்பார்கள். லூகாஸ்ஃபிலிமில் இருந்த போர்ட்டரும் டஃப்பும் 1984-லேயே கட்டுரையாக எழுதி வைத்த விஷயம் இது. இந்த முறையிலும் சராசரி 128தான் வரும், ஆனால் அது ஏற்கெனவே பெருக்கிய 128. வரையும்போது மறுபடி பெருக்காமல் அப்படியே பின்னணியின் பாதியோடு கூட்டினால் சரியான வெள்ளை. பைகேமின் புது வெர்ஷன்களில் 'பிரீமல் ஆல்ஃபா' என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் போட்டு, பிறகு சுருக்கி, பிளிட் செய்யும்போது, அதாவது திரையில் ஒட்டும்போது, 'பிளெண்ட் பிரீமல்டிப்ளைடு' என்ற ஃப்ளாகைக் கொடுக்க வேண்டும். அந்த ஃப்ளாகை மறந்தால் இரண்டு முறை பெருக்கிப்போய் ஓரம் மறுபடி இருட்டிவிடும், நான் ஒரு முழு மாலையை அதில் விட்டேன்.

நீ இப்போது கோடோ கேம் என்ஜினில் எழுதுவதால் உனக்கு வேறு வழி. படத்தை இம்போர்ட் செய்யும்போது 'ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்' என்று ஒன்று இருக்கும், அது தெரியாத பிக்சல்களுக்குள் ஓரத்து நிறத்தையே நிரப்பிவிடும். அப்புறம் இன்னொன்று, நீ எழுதியிருந்தாயே, படம் போகப் போக மங்குகிறது என்று. ஏற்கெனவே சுருக்கிய படத்தையே ஒவ்வொரு ஃப்ரேமிலும் திரும்பச் சுருக்குகிறாய் என்று நினைக்கிறேன். ஒரிஜினலைத் தனியாக வைத்து, எப்போதும் அதிலிருந்தே சுருக்கு.

நேற்று பச்சை வயல் மேல் கொக்கை வைத்துக் காட்டினேன். மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள், பிறகு நண்டும் வேண்டும் என்றாள். பழைய ரேஸ் ஃபோல்டர் உன்னிடம் இருந்தால் அனுப்பு, அந்தக் காரையும் சரிபண்ணி வைக்கிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.