சீனிக் கரைசலில் நேரும் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

றியோ என்னும் அலங்காரச் செடியின் இலையின் ஊதா மேற்றோலைச் சீனிக் கரைசலில் இட்டு முதலுருச் சுருக்கம் (கலத்திலிருந்து நீர் வெளியேற, உள்ளே இருக்கும் முதலுரு கலச்சுவரை விட்டுச் சுருங்குவது) பார்க்கும் உயர்தர உயிரியல் செய்முறை பிழைத்தால், மாணவர்கள் இலையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் கரைசலில்தான்.

சீனியான சுக்குரோசின் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 342 கிராம். ஆகவே 1 மூலர் (லீற்றருக்கு ஒரு மூல்) கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 34.2 கிராம் வேண்டும். அதை 100 மில்லிலீற்றர் நீரில் கொட்டிக் கலக்கினால் கரைசல் ஏறத்தாழ 121 மில்லிலீற்றராகிவிடும், செறிவு 0.82 மூலர் அளவுக்கு இறங்கும். சீனியும் இடம் பிடிக்கிறதல்லவா! முகவையில் 60 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் முற்றாகக் கரைத்து, கனமானக் குடுவைக்கு (கழுத்தில் 100 மில்லிலீற்றர் குறியுள்ள குடுவை) மாற்றி, முகவையைக் கழுவிய நீரையும் அதிலேயே ஊற்றி, பிறகு 100 குறிவரை நிரப்ப வேண்டும். சூடாக்கியிருந்தால் ஆறிய பின்பே நிரப்புங்கள். 0.3 மூலர் வேண்டுமா? இந்த 1 மூலர் கரைசலில் 6 மில்லிலீற்றருடன் 14 மில்லிலீற்றர் நீர்.

இங்கே கரையோரத்து உவர்க் கிணற்று நீர் இதற்கு ஆகாது. சீனிக்குப் பதில் அதே செறிவில் கறியுப்பு எடுப்பதும் தவறு. உப்பு சோடியம், குளோரைட்டு என இரு அயன்களாகப் பிரிவதால் 0.3 மூலர் உப்பு கிட்டத்தட்ட இருமடங்கு சீனியின் வேலையைச் செய்யும். நுணுக்குக்காட்டியில் எல்லாக் கலங்களும் சுருங்கியே தெரியும். பாதிக் கலங்கள் சுருங்கும் செறிவு, அதாவது நாம் தேடுவது, அகப்படாது.

பழைய கரைசலில் பூஞ்சணம் பிடிக்கும். அன்றன்றே கரையுங்கள்.

உயிரியல் ஆசிரியர்கள்,
திருகோணமலை