மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்: 112 வேண்டாம், 98 போதும்

அன்புள்ள மாப்பிள்ளை,

காஷ்மீர் குல்மார்க்கில் இரண்டாவது பனிச்சறுக்கு கோர்ஸையும் முடித்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். இனி வாடகை ஸ்கீ (பனியில் சறுக்கக் காலில் மாட்டுகிற பலகை) வேண்டாம், சொந்தமாக வாங்கப்போகிறேன் என்று நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். நடுவில் 112 மில்லிமீட்டர் அகலம். பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. போனில் பேசினால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதக் காரணம், உன்னைப் போலவே கேட்கிற நம்மூர்ப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். திருநகரில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பனியைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சூரிச்சில் வேலை பார்த்த வருஷங்களில் குளிர்காலம் வந்தால் சனி, ஞாயிறு எனக்கு மலையில்தான்.

ஸ்கீயின் அகலத்தைப் பூட் நிற்கிற நடுப்பகுதியில் அளப்பார்கள். இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய தடத்துக்கு ஏறக்குறைய 65 முதல் 85 வரை. 110-க்கு மேலே போனால் பவுடர் பனிக்கென்றே, அதாவது புதிதாக விழுந்து மாவு மாதிரி கிடக்கிற பனிக்கென்றே செய்தது. நீ பார்க்க வேண்டியது இடையில், 95 முதல் 105 வரை. சோழவந்தான் பக்கம் தொளி அடிக்கும்போது டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டியிருப்பார்களே, பார்த்திருப்பாய். சேற்றில் புதையவிடாமல் தாங்கும். அதோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் கெடும், வண்டியும் கெடும். நீ கேட்கிற 112 அந்த வகை.

கட்டிப்பட்ட பனியில் ஸ்கீயைச் சாய்த்து அதன் எஃகு விளிம்பில்தான் நிற்கிறோம். அகலம் கூடக் கூட விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டை விட்டுத் தள்ளிப் போகிறது. சாய்ப்பதற்கு அதிக பலம் வேண்டும், அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகும். 80-க்கும் 112-க்கும் ஒரு பக்கத்துக்கு 16 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லாத கணக்கு. மத்தியானத்துக்கு மேல் தொடை நடுங்கும்போது தெரியும்.

"குல்மார்க் என்றாலே பவுடர்தானே மாமா" என்பாய். கோண்டோலா என்கிற ரோப் காரின் இரண்டாம் கட்டம் 2005-ல் திறந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆள் வருவது அந்தப் பவுடருக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு எடுத்துப் போகிறவன். அந்த வாரத்தில்தான் பனி கொட்ட வேண்டும் என்று எந்தச் சாமியிடம் வேண்டிக்கொள்வாய்? 2024 ஜனவரியில் குல்மார்க் மொட்டையாகக் கிடந்த படங்களை எல்லாரும் பார்த்தோம். கொட்டினாலும், பலத்த பனிக்குப் பிறகு பனிச்சரிவு பயத்தில் மேல் கோண்டோலாவை மூடிவைப்பார்கள். திறந்ததும் அபர்வத் மலைச் சரிவில் எல்லாரும் இறங்குவார்கள், பவுடர் மிதிபட்டு மேடும் பள்ளமுமாகும். முகட்டில் காற்று பனியைச் சுரண்டி ஓடு மாதிரி ஆக்கிவிடும். கீழே வெயில் பட்ட இடம் மத்தியானம் கொழகொழத்து, ராத்திரி இறுகி, காலையில் கல்லாக நிற்கும். ஒரே இறக்கத்தில் இத்தனையும் வரும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஜோடி என்றால் 98, 100 என்பதுதான் என் முடிவு.

மிதப்பது அகலத்தால் மட்டும் வருவதில்லை. முனை நீளவாக்கில் முன்கூட்டியே மேலே வளைந்திருப்பதை ராக்கர் என்பார்கள். காலடியில் லேசாக வில் மாதிரி எழும்பியிருந்தால் அது கேம்பர். 2000-களின் தொடக்கத்தில் ஷேன் மெக்காங்கி என்ற வீரர், வாட்டர் ஸ்கீயைப் பார்த்து முழுக்கத் தலைகீழ் வளைவோடு ஸ்பாட்டுலா என்று ஒன்றைச் செய்யவைத்தார். முதலில் கேலி செய்தார்கள், இன்று பவுடர் ஸ்கீ எல்லாவற்றிலும் அதன் சாயல் உண்டு. உனக்கு முனையில் ராக்கர், காலடியில் கேம்பர், வாலில் கொஞ்சம் ராக்கர் போதும். கடையில் இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் சேர்த்து வைத்து நடுவில் அமுக்கிப் பார். முனையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி ஒன்றையொன்று தொடுகின்றன என்று கவனி. அந்தத் தூரம் நீளமாக இருந்தால் பவுடரில் சுகம், கட்டிப் பனியில் ஸ்கீ குட்டையாகிவிட்டது போல ஆடும். நீ ஐந்தே முக்கால் அடி. 176 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் எடு. பயந்துகொண்டு 165-க்குப் போகாதே.

அடுத்தது எடை. நீ ஸ்கீயைக் காலில் கட்டிக்கொண்டு மலையேறவும் வேண்டும் என்கிறாய், அங்கேதான் சிக்கல். ஃபோல்க்ல் மந்த்ரா மாதிரி உள்ளே உலோகத் தகடு வைத்த ஸ்கீ, மிதிபட்ட பனியில் அசையாமல் அறுத்துக்கொண்டு போகும், ஆனால் அதைக் காலில் கட்டி மலையேறுவது தண்டனை. பிளிசார்ட் ஜீரோ ஜி போன்ற கார்பன் ஸ்கீ ஏற்றத்துக்கு இறகு. இறக்கத்தில் கரடுமுரடான பனி வந்தால் துள்ளி உன்னைத் தூக்கிப்போடும். உன் அனுபவத்துக்கு நடுவில் நில். ஒரு ஸ்கீ 1700, 1800 கிராம் இருக்கட்டும். சாலமன் க்யூஎஸ்டி 98 அந்தப் பக்கம் வரும், அது மாதிரி வேறு கிடைத்தாலும் சரி.

பைண்டிங் என்றால் பூட்டை ஸ்கீயோடு பிடிக்கிற கொக்கி. அதில் 'பின்' வகை, அதாவது ஊசி முனையால் பூட்டைப் பிடிப்பது, ஒன்று 300, 400 கிராம்தான். ஷிஃப்ட் போன்ற கலப்பு வகை ஏறும்போது 'பின்' வகையாக இருந்து, இறங்கும்போது சாதாரண பைண்டிங் மாதிரி காலைப் பிடிக்கும், விழுந்தால் விடும். எடை 900 கிராமுக்குப் பக்கம். காலுக்கு அரைக் கிலோ கூடுதல் என்பது சின்னச் சுமை இல்லை. ஆனாலும் உனக்கு நான் கலப்பு வகையைத்தான் சொல்வேன். நீ பெரும்பாலும் கோண்டோலாவில் ஏறி, மேலே கொஞ்சம் நடந்து, நீளமாக இறங்கப்போகிறாய். நாள் முழுக்க நடக்கிற ஆளாக மாறினால் அப்போது 'பின்' வகையை வாங்கிக்கொள்.

அகல ஸ்கீக்கு ஸ்கின்னும் (ஏறும்போது வழுக்காமலிருக்க அடிப்பக்கம் ஒட்டுகிற துணிப்பட்டை) அகலமாக வேண்டும், அதன் விலையும் எடையும் கூடும். அப்புறம், தடத்தை விட்டு வெளியே போகிறவனுக்கு டிரான்ஸீவர் (புதைந்தவன் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் கட்டாயம். டிரான்ஸீவர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், அதனால் ஆடம்பர மாடல் தேவையில்லை. பனிச்சரிவில் புதைந்தவனை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால்தான் உண்டு. உன்னைத் தோண்டப்போவது உன் கூட வருகிறவன். அவனிடமும் மூன்றும் இருக்க வேண்டும், அவனுக்குப் பழக்கமும் இருக்க வேண்டும். 112-க்கு வைத்திருந்த காசில் மிச்சமாவதை இதில் போடு.

மதுரைக்குக் கொண்டுவந்தால் எங்கே வைப்பது என்பதையும் யோசி. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைத்தால் சித்திரை வெயிலில் ஸ்கின்னின் பசை இளகி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நூல் நூலாக வரும். அதன் கூட வருகிற வலையை இடையில் வைத்து மடித்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் பீரோவில் வை. ஸ்கீயின் விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, அடிப்பக்கமும் விளிம்பும் மூடுகிற மாதிரி மெழுகை உருக்கித் தடவி, சுரண்டாமல் விட்டுவிடு. ஐப்பசி மழைக்குத் துருவேறாது. பெல்ட் போட்டு இறுக்கியும் கட்டாதே.

எல்லாவற்றுக்கும் முன்னால் பூட்ஸ். ஏற்றத்துக்கு வாக் மோடும் (நடக்கும்போது கணுக்காலைத் தளர்த்திவிடுகிற வசதி), முனையிலும் குதிகாலிலும் பைண்டிங்கின் ஊசி பிடிக்கிற குழியும் உள்ளதாகப் பார்த்து, கால் வீங்கியிருக்கிற சாயங்கால நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கு. அதன் குதிகால் பக்கத்தில் அடிப்பாகத்தின் நீளம் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். அந்த எண் தெரியாமல் பைண்டிங் மாட்ட ஸ்கீயில் ஓட்டை போட முடியாது. உன் எடை, உயரம், வயசு, அந்த எண், நீ ஓட்டுகிற விதம் எல்லாம் பார்த்துத்தான் பைண்டிங் எவ்வளவு பலத்துக்கு விட வேண்டும் என்று கடைக்காரர் வைப்பார். எடையைக் குறைத்துச் சொல்லாதே, திறமையைக் கூட்டிச் சொல்லாதே. பூட்ஸ் வாங்கியதும் அந்த எண்ணை எனக்கு அனுப்பு, மற்றதைப் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
மாமா
திருநகர், மதுரை