ஆண்களுக்கும் தைராய்டு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் லாட்ஜ் ரூம் நம்பரோடு வரும் 'ஆண்மைக் குறைவு' விளம்பரங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பாலியல் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாதென 1954-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. பிறகு எப்படி வருகிறது என்பதை உங்கள் விளம்பரப் பிரிவுதான் சொல்ல வேண்டும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் லேப்பில் ரத்தம் எடுப்பவன். ஆண்மைக்கான ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வருகிறவரை கவுன்டரிலேயே தெரிந்துவிடும். சீட்டை நாலாக மடித்து நீட்டுவார். பெண் ஊழியர் உட்கார்ந்திருந்தால், டீ குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய் நான் வந்ததும் வருவார். பெரும்பாலும் மில் ஷிப்ட் முடிந்து சாயங்காலம்தான் வருவது, அதுவும் வடை, டீ எல்லாம் ஆன பிறகு. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது சாயச் சாய இறங்குவது. காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இருமுறை பார்த்து, இரண்டிலும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குறைவு என்ற பேச்சே வர வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வருபவரின் காலை ரத்தத்தையும் நம்ப முடியாது.

சரி, இருமுறையும் குறைவு. ஏன் குறைந்தது? அதைக் கேட்காமலே பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதிவிடுகிறார்கள்.

போன வருடம் நாற்பதைத் தொட்ட ஒருவர் வந்தார். எப்போது பார்த்தாலும் 200-ஐத் தாண்டவில்லை; ஊசி போடச் சொல்லிவிட்டார்கள். முகம் உப்பியிருந்தது, குரல் கரகரத்தது, கைத்தோல் சொரசொரவென்று இருந்தது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

"தைராய்டு பாத்தீங்களாண்ணே?"

"அது பொம்பளைங்களுக்கு வர்றதுல்ல தம்பி? எங்க வீட்ல மாத்திரை சாப்பிடுறாளே."

அவருடைய டாக்டரிடம் கேட்டு, தைராய்டு சுணக்கத்தைக் காட்டும் டி.எஸ்.எச். டெஸ்ட் போட்டோம். 80-க்கு மேல், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு! பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் ஏறியிருந்தது. தைராய்டு சுணங்கும்போது அதை முடுக்க மூளை அனுப்பும் ஹார்மோன், புரோலாக்டினையும் சேர்த்துக் கிளப்பிவிடும். புரோலாக்டின் ஏறினால், டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லி மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் எல்.எச். ஹார்மோன் குறையும். டெஸ்டோஸ்டிரோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதமும் குறைவதால் ரிப்போர்ட்டில் மொத்த அளவு இன்னும் கீழே போகும். தைராக்சின் மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் அவருக்கு 400-ஐத் தாண்டிவிட்டது. ஊசிக்கு வேலையே இல்லை.

எல்லாருக்கும் தைராய்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். பொன்னுக்கு வீங்கி விரைவரை இறங்கியவர்களுக்கும் அப்படி ஆவதுண்டு. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.எச். ஏறாமல் இருந்தால் பிட்யூட்டரி பக்கம் பார்க்க வேண்டும். அங்கே கட்டி இருந்தால் தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் வரலாம். அப்போது டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் 'நார்மல்' என்றே வந்து ஏமாற்றும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தொப்பை, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கம் எல்லாமே டெஸ்டோஸ்டிரோனை இறக்கும். கேஸ் மாத்திரை என்று நாம் பாட்டுக்கு வாங்கிப் போடுகிறோமே, அதில் பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கிறது. அதுவும் புரோலாக்டினை ஏற்றும்.

ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் உடம்பு தன் சொந்த எல்.எச்.-ஐ நிறுத்திக்கொள்ளும். விந்தணு எண்ணிக்கை சரியும், சிலருக்குப் பூஜ்ஜியத்துக்கே போய்விடும். குழந்தைக்காக வைத்தியம் பார்ப்பவருக்கே இந்த ஊசியை எழுதிய சீட்டைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவப் பக்கத்தில் ஹார்மோன் நிபுணர் ஒருவரைக் கொண்டு இதை விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த நிபுணரைப் பார்க்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். அதுவரை உள்ளூர் டாக்டரிடம் எந்தெந்த டெஸ்ட் எழுதச் சொல்லிக் கேட்பது என்றாவது வாசகர்களுக்குத் தெரியட்டும்.

– லேப் டெக்னீஷியன், ராஜபாளையம்
(பெயர் வெளியிட வேண்டாம்)