உங்கள் ஏபிஐயில் அடுத்தவர் வாடிக்கையாளரின் முகவரி தெரிகிறது, உடனே சரிசெய்யுங்கள்

வணக்கம்.

உங்கள் கூரியர் சேவையின் ஏபிஐயை, அதாவது இரண்டு மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழியை, எங்கள் ஆர்டர் மென்பொருளில் இணைத்திருக்கிறோம். சின்னத் துணிக்கடைகள், வீட்டிலிருந்தே ஊறுகாயும் பொடியும் விற்பவர்கள் என்று பலர் எங்களை நம்பி வியாபாரம் செய்கிறார்கள், அவர்களிடம் வாங்குகிறவர்களின் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் எங்கள் வழியாகத்தான் உங்களிடம் வருகிறது. அதனால்தான் டிக்கெட்டோடு விடாமல் கடிதமாக எழுதுகிறேன்.

பார்சலின் நிலையைக் கேட்கும் ஏபிஐ அழைப்பில், எங்கள் டெஸ்டர் வழக்கமான சோதனையாக ஏடபிள்யூபி எண்ணின் (ஒவ்வொரு பார்சலுக்கும் நீங்கள் தரும் எண்) கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். “அனுமதி இல்லை” என்னும் 403 வந்திருக்க வேண்டும். வந்தது “சரி” என்னும் 200. கூடவே எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் பெயர், மொபைல் எண், கதவு எண் முதல் பின்கோடு வரை முழு முகவரி, அவர் கொடுக்க வேண்டிய பணம், அப்புறம் “மாடி வீடு, மதியம் 2 மணிக்கு மேல் வரவும்” என்று டெலிவரி செய்பவருக்கு அவர் எழுதிய குறிப்பு. அவர் எப்போது வீட்டில் இருப்பார் என்பது வரை முன்பின் தெரியாத எங்களுக்குத் தெரிகிறது! அதோடு நிறுத்திக்கொண்டோம், எதையும் சேமிக்கவில்லை, அன்றைக்கே உங்களுக்குத் தெரிவித்தோம்.

உங்கள் சப்போர்ட் டீம் அனுப்பிய பதில்: “உங்கள் கீ செல்லுபடியாகிறது, அதனால் பதில் வருகிறது, இது பிழை இல்லை.” கீ (எங்களை அடையாளம் காண நீங்கள் தந்த ரகசியக் குறியீடு) யாருடையது என்று பார்க்கிறீர்கள், சரி. கேட்கப்படும் பார்சல் அந்தக் கீக்குரிய கடையுடையதா என்று பார்ப்பதே இல்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலிலும் 2023இல் திருத்திய பட்டியலிலும் முதல் இடத்தில் இருப்பது இந்த ஓட்டைதான். எண்ணை நீளமாக்கி யாரும் யூகிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறோம் என்று பிறகு சொன்னீர்கள். அதுவும் போதாது. அந்த எண்ணைத்தானே ஒவ்வொரு பெட்டி மேலும் பார்கோடோடு ஒட்டி ஊரெல்லாம் அனுப்புகிறீர்கள்? யூகிக்கவே வேண்டாம், பார்த்தாலே போதும். ஒவ்வொரு அழைப்பிலும் சர்வரில் உரிமையைச் சரிபார்ப்பதுதான் வழி. நிலையைக் கேட்டால் நிலையை மட்டும் கொடுங்கள், போன் நம்பர் அங்கே எதற்கு?

இன்னொன்று, கீயை யூஆர்எல்லிலேயே வைத்து அனுப்பச் சொல்கிறீர்கள். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இருந்தாலும் அது சர்வர் லாக்கில் (வரும் அழைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) அப்படியே பதிவாகும், லாக்கைப் பார்க்க முடிகிற எல்லோர் கையிலும் எங்கள் கீ. அதை மாற்ற வேண்டுமென்றால் உங்களுக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். கீயை ஹெடருக்கு (அழைப்பில் யூஆர்எல்லுக்கு வெளியே போகும் தனிப்பகுதி) மாற்றி, நாங்களே புதுக் கீ எடுத்துப் பழையதை ரத்து செய்யும் வசதியைக் கொடுங்கள்.

டெஸ்ட் சர்வரில் நிஜ வாடிக்கையாளர் டேட்டா கிடப்பதையும் பார்த்தோம். அதை இன்றே அழியுங்கள்.

இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, டேட்டா கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். அப்படியானால் எந்தக் கீ யாருடைய பார்சலை இழுத்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியும். எங்கள் கடைகளின் பார்சல்களை வேறு யாராவது பார்த்தார்களா என்று தேடி எழுத்தில் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை, நாளைக்கு அந்த ஊறுகாய்க்காரம்மா “என் கஸ்டமர் அட்ரஸ் எப்படி வெளியே போச்சு?” என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்பதுதான்.

ஓட்டையை அடைக்கும்வரை புதிய கடை எதையும் உங்கள் சேவையில் சேர்க்க மாட்டோம். பதில் சப்போர்ட் டீமிடமிருந்து வேண்டாம், இந்த ஏபிஐயை எழுதுகிறவர்களிடமிருந்து, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்பதோடு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஏபிஐயைப் பயன்படுத்தும் மென்பொருள் குழுவின் பொறுப்பாளர்