வசனம் மனப்பாடமாக வேண்டிய இடம் வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வுகள் முடிந்து, நம் கடற்கரை ஊர்களின் திருச்சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளிகள் தொடங்கும் காலம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையும் இதே வேளையில் வருவதால், விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் தகப்பன்மார் பலர் வீட்டில் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு வேத வசனங்களை மனப்பாடமாக்கும் பொறுப்பைக் குடும்பம் தன் கையில் எடுத்துக்கொள்ள இதைவிட ஏற்ற காலம் வாய்க்காது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோர்களுக்கும் சபைப் பொறுப்பாளர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இப்போது நடப்பது வேறு. வசனப் போட்டி அறிவிக்கப்பட்டதும், கடைசி நான்கைந்து நாட்களில் ஒரு தாள் நிறைய வசனங்களைப் பிள்ளையின் வாயில் திணிக்கிறோம். மேடையில் மூச்சு விடாமல் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிய பிள்ளை, அடுத்த மாதம் அதே வசனத்தின் முதல் சொல்லுக்கே திணறுகிறது. திணறியதற்காக வீட்டில் திட்டும் வாங்குகிறது. இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் நினைவாற்றலையே சோதித்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ், கற்றதில் பெரும்பகுதி வெகு விரைவில் மறந்துபோகிறது என்பதையும், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களைப் பிரித்துத் திரும்பத் திரும்பச் சொல்வதே நிலைக்கிறது என்பதையும் 1885-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்.

அதற்கும் வெகு காலம் முன்பே, வேதாகமத்தின் உபாகமம் ஆறாம் அதிகாரம் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் வழியைச் சொல்லியிருக்கிறது. "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" என்று அங்கே குறிக்கப்படும் நேரங்களில் ஒன்றுகூட வகுப்பறை நேரம் அன்று. அந்தக் கட்டளை பெற்றோருக்கே கொடுக்கப்பட்டது. ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் நான் இதைச் சொல்வது எங்கள் பணியைக் குறைத்துப் பேசுவதாகாது. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் எங்களிடம் இருக்கும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் தாய் தகப்பனிடம்தானே இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு மீனவர் திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையைப் பின்னும்போது, அவருடைய நான்கு வயது மகள் நூல் சுற்றிய ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். அவர் முடிச்சை இறுக்கியபடியே "நான் பயப்படுகிற நாளில்" என்று சொல்லி நிறுத்துவார். அவள் "உம்மை நம்புவேன்" என்று முடித்துவிட்டு, "சங்கீதம் அம்பத்தாறு மூணு" என்று அந்த வசனம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்வாள். சில வேளைகளில் மகள் தொடங்க, தகப்பன் முடிக்க வேண்டும். அவள் ஒரு சொல்லைப் பிசகினால் அவர் இடைமறிப்பதில்லை. அடுத்த முறை தாமே அந்த இடத்தைச் சற்று அழுத்திச் சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குழந்தையின் நாவில் அந்த வசனம் இன்றைக்கும் தவறாமல் நிற்கிறது.

அந்த வசனத்தை நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியவற்றுள் ஒன்றாகக் கருதுகிறேன். காற்று மாறிய இரவில் படகு கரை திரும்பாத வீடுகளும், எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு இலங்கைச் சிறையில் இருப்பவரின் விடுதலைக்காகக் காத்திருக்கும் வீடுகளும் இங்கே உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையிடம், "வசனம் சொன்னால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று வாக்குக் கொடுத்துவிடக் கூடாது; பிற்பாடு அது அந்தப் பிள்ளையின் விசுவாசத்தையே உடைத்துவிடும். பயம் வராது என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை. பயப்படுகிற நாளில் என்றுதான் சொல்கிறான். தாயும் பிள்ளையும் ஒன்றாய்ப் பயந்திருக்கும்போது ஒன்றாய்ச் சொல்லத் தக்க வசனம் அது. பிள்ளை பொருள் கேட்டால், எவ்வளவு வேலை இருந்தாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். வசனத்தைத் தண்டனையாகப் பத்து முறை சொல்ல வைப்பதும், வந்த விருந்தினர் முன் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வதும் வேண்டாம். ஆலயத்தில் வாசிக்கப்படும் அதே வேதாகமத்தையே வீட்டிலும் பயன்படுத்துவது நல்லது.

இதில் நம் அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொள்ளவும் இடமுண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகள், புதிய பாடத்தோடு பழைய பாடத்தையும் விடாமல் ஓதிக் காட்டுகிறார்கள். நாமோ புதிய வசனம் வந்ததும் பழையதைக் கைவிட்டுவிடுகிறோம். இரவு ஜெபத்தில் அந்த வார வசனத்துக்கு முன்பாகப் பழைய வசனம் ஒன்றைக் குடும்பமாகச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆகவே, ஞாயிறு பள்ளிகளையும் மறைக்கல்வி வகுப்புகளையும் நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான். போட்டிக்குச் சில நாள் முன்பாக நீண்ட பட்டியலைக் கொடுப்பதை விட்டுவிட்டு, விடுமுறையின் தொடக்கத்திலேயே சிறு பட்டியலொன்றைப் பெற்றோரின் கையில் கொடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் ஒரு குறுகிய வசனம் போதும். விடுமுறை முடிவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பிரிக்காமல், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நின்று சொல்ல ஒரு ஞாயிறு ஆராதனையில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.