ஆம்பளைப் பிள்ளை அழலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அன்றைக்கு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்து அழுத சின்னவனை "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டினாயே, அது மனசிலேயே நிற்கிறது. மருமகள் பக்கத்தில் இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

வருஷா வருஷம் வகுப்பில் 'மேக்பெத்' நடத்தியவள் நான். ஷேக்ஸ்பியர் 1606 வாக்கில் எழுதிய நாடகம். ஸ்காட்லாந்து அரசன் டங்கனைக் கொல்ல அவனுடைய தளபதி மேக்பெத் தயங்குகிறான். ஆணுக்குத் தகுந்தது எதையும் செய்வேன், அதற்கு மேல் போகிறவன் ஆணே இல்லை என்கிறான். எவ்வளவு நல்ல பேச்சு! மனைவி விடவில்லை. செய்யத் துணிந்தாயே, அப்போதுதான் நீ ஆம்பளை என்று குத்துகிறாள். அதில் விழுந்தவன்தான், டங்கனைக் கொன்றுவிடுகிறான். பிறகு தன் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் பிடிக்கும்போது, அவனும் அந்த ஆட்களின் ஆண்மையைத்தான் சீண்டிவிடுகிறான். அன்றைய லண்டன் மேடையில் பெண்கள் நடிப்பதில்லை. "நீ ஆம்பளையா?" என்று மேக்பெத்தைக் கேட்டவன் பெண் வேஷம் கட்டிய ஒரு பையன்!

மேடைக்கு வெளியிலும் இதே கதைதான். ஒரு சொல் தடித்தால் வாளை உருவாதவனுக்கு மானமில்லை என்று கனவான்கள் குத்திக்கொண்டு செத்தார்கள். 1614-இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னரே அதைத் தடுக்க ஆணை போட வேண்டியிருந்தது.

நான் உனக்குச் சொல்ல வந்தது அதே நாடகத்தில் மேக்பெத்தை எதிர்க்கும் பிரபு மக்டஃபைப் பற்றி. அவன் இங்கிலாந்தில் இருக்கும்போது, மனைவி பிள்ளைகள் அத்தனை பேரையும் மேக்பெத்தின் ஆட்கள் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று சேதி வருகிறது. தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறான். "எல்லாருமா? என் குஞ்சுகள் எல்லாருமா?" என்று கேட்டதையே கேட்கிறான். ஆம்பளையாக எதிர்த்து நில் என்கிறான் டங்கனின் மகன், இளவரசன் மால்கம். "நிற்கிறேன். ஆனால் ஆம்பளையாக இந்த வலியை உணரவும் வேண்டுமே" என்கிறான் மக்டஃப். கடைசியில் மேக்பெத்தை வீழ்த்துவதும் அவன்தான். இந்த இடத்தை நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நாடக முடிவில் இன்னொரு தகப்பன் வருகிறார், கிழவர் சீவர்ட். மகன் போரில் செத்தான் என்றதும், காயம் முன்பக்கம்தானே என்று கேட்கிறார். ஆமாம் என்றதும், இதைவிட நல்ல சாவு ஏது என்று முடித்துவிடுகிறார். அப்போது அதே மால்கம் சொல்கிறான்: "செத்தவனுக்காக இன்னும் துக்கப்பட வேண்டும். அவனுக்காக நான் துக்கப்படுகிறேன்." மக்டஃபிடமிருந்துதான் இதைக் கற்றிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அப்பா போன அன்று பந்தல், ஐஸ் பெட்டி, மயானம் என்று நீ ஓடிக்கொண்டே இருந்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று ஊரே மெச்சியது. நான் பக்கத்தில் கூப்பிட்டு அழு ராசா என்று சொல்ல ஏங்கினேன்.

பொங்கலுக்கு வரும்போது ரெண்டு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா. அப்பாவைப் பற்றி நாம் இன்னும் பேசவேயில்லை.

அன்புடன்,
அம்மா