மதினிக்கு, அந்தப் பல்பு விஷயமாக

மதினி,

அண்ணன் போய் இந்த ஆவணியோடு ஆறு வருஷம். கேஸ் முடிந்து பணமும் கைக்கு வந்துவிட்டதால்தான் இப்போது எழுதுகிறேன், முன்னாலேயே எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டிருப்பார். எவ்வளவு வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம், சொந்தக்காரர்கள் படிப்பார்கள்.

அன்று காலை அண்ணன் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "ஏல, பல்பு மாட்டிட்டியா?" என்றான். ஹெட்லைட் போய் நாலு நாள். பாளையங்கோட்டையில் வாங்கிய பல்பு என் சட்டைப்பையிலேயே கிடந்தது, பத்து நிமிஷ வேலை. "சாயங்காலம் மாட்டுதேன்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் துணியை உதறிக் கொடியில் போட்டான். நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள், கேட்டிருக்காது.

மூன்றடைப்புப் பக்கம் மீடியன் இடைவெளியில் அந்தக் கார் குறுக்கே திரும்பியதும், ஓட்டியவர் "பைக்கைப் பார்க்கவே இல்லை" என்றதும், நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனதும் உங்களுக்குத் தெரியும். பொய் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். 1981-ல் வந்த ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 900 பைக் விபத்துகளை அலசியது, இன்னொரு வண்டியோடு மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அந்த வண்டிக்காரர் தப்பு என்கிறது, அதிலும் பைக் கண்ணில் படாமல் போனதுதான் பெரிய காரணமாம். லாரி என்றால் வந்துவிட்டது என்று நிற்கிற ஆள், அதே வேகத்தில் வரும் பைக் தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிடுகிறார். அதனால்தான் 2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளில் பகலிலும் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. அண்ணன் வண்டி அதற்கு முந்தியது.

மணி ஐந்தரைதான், நல்ல வெளிச்சம், பல்பு இருந்திருந்தாலும் அவன் லைட் போட்டிருக்க மாட்டான். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மன்னித்துவிடுங்கள், மதினி.

ஆனால் ஹெல்மெட் வார் அறுந்து ஒரு மாசமாகத் தொங்கியது உங்களுக்கும் தெரியும்தானே? அது தனியாக உருண்டு கிடந்ததை நான்தான் எடுத்தேன். அப்புறம் பதினாறாம் நாள் அத்தனை பேர் முன்னால், "அவுக வேகமாத்தான் போவாக" என்று அவன்மேலேயே போட்டீர்கள். அழுகையில் சொன்னது, சரி. இருந்தாலும்.

பெரியவன் பைக் கேட்கிறானாமே. வாங்கிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், என்னிடம் மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள்.

திதிக்கு வருவேன். பஸ்ஸில்தான்.